கோவிலகத்துச் சீட்டில் கூடலூர் மலை

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பூர்வீகம் தேடுகிறவருக்கு வழி நேரானது. நிலம் சர்க்கார் பட்டா. கலெக்டர் ஆபீஸ் பதிவேடும் சர்வே படமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதே நீலகிரியில் மேற்கே கூடலூருக்கு இறங்கினால் கதை வேறு. 1877 வரை மலபாரோடு இருந்த சீமை அது. அங்கே பெருவாரி நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம், அதாவது பரம்பரை உடைமை. காப்பி போட வந்த துரைமார் பலரும் கோவிலகத் தலைவரான திருமுல்பாடின் குத்தகைதாரர்களே. ஆகவே கூடலூரின் பழங்கதை ஒரு குடும்பத்தின் பத்திரக் கட்டில் கிடக்கிறது.

அந்தப் பத்திரங்களின் அழகு அவற்றின் சொற்சிக்கனம். 'காணம்' என்று கண்டால் முன்பணம் கைமாறியிருக்கிறது. 'குழிக்காணம்' தரிசில் புதிதாக நட்டுப் பயிராக்கும் உரிமை. 'வெறும்பாட்டம்' என்றால் வருடப் பாட்டம் மட்டும், வேறு பிடிப்பு கிடையாது. ஒரே சொல்லில் ஒரு குடியானவனின் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடும். தேதி கொல்லம் ஆண்டில் வரும்: 1055 கன்னி என்றால் 1879 செப்டம்பர், அக்டோபர். மலபாரில் ஆண்டு பிறப்பது கன்னியில், திருவிதாங்கூரில் ஒரு மாதம் முந்திச் சிங்கத்தில். சிங்க மாதம் போட்ட சீட்டில் இதை மறந்தவர் ஒரு முழு வருடம் பிசகுவார்.

இத்தகைய குடும்ப ஏடுகளைப் பதிப்பிக்கும் வேலையில் கேரளம் முந்திக்கொண்டது. எம்.ஜி.எஸ். நாராயணன் பதிப்பித்த வஞ்ஞேரி கிரந்தவரியைக் கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் அருண்டெல் என்ற நிலக்கிழார் குடும்பத்தின் பத்திரங்களும் ரெட்ரூத் ஊரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. கூடலூருக்கும் அந்தப் பாக்கியம் வேண்டும்.

1969இன் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தோடு சீட்டுகள் கோர்ட்டு ஏறின. தோட்டக் குத்தகை பற்றிய 17ஆம் பிரிவில் மாட்டிய நிலத்தை ஊரார் இன்றும் 'செக்ஷன் 17 நிலம்' என்பார்கள். இந்தச் சட்டத்தை ஒட்டி எழுந்த கோயலோ வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24க்குப் பின் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டங்களும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

ஜென்மி எழுதியது ஜென்மியின் கண்ணால் பார்த்தது. பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் அதில் நிலத்துக்கு உடையவர்களாக வருவதில்லை. நம்பாலக்கோட்டை வேட்டைக்கொருமகன் கோயிலில் புத்தரி என்னும் அறுவடை விழா அன்று புதுக்கதிரோடு வருகிறவர்களில் இவர்களும் உண்டு. பத்திரம் விட்டுப்போன வரியை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும்.