மஞ்சள் தெரிந்த பிறகு மருந்து எதற்கு?

உளுந்து வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை மஞ்சளானதும் கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடிப்பது கள்ளக்குறிச்சி மாவட்டச் சங்கராபுரம் பக்கம் மட்டுமல்ல, உளுந்து விளையும் எந்த ஊரிலும் நடப்பதுதான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் அந்தச் செலவில் பெரும்பகுதி வீண். மஞ்சள் தேமல் ஒரு நச்சுயிரி நோய். சாறு உறிஞ்சும் வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. இளம் இலையில் திட்டு தெரியும்போது நச்சுயிரி உள்ளே புகுந்து பல நாள் ஆகியிருக்கும். மருந்து ஈயைக் கொல்லும். அந்தச் செடியைக் காப்பாற்றாது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையிலும் ஓர் ஓட்டை உண்டு. சேதம் பொருளாதார எல்லையை, அதாவது மருந்துச் செலவுக்குக் கட்டுபடியாகும் அளவை, தொட்ட பிறகே மருந்து என்பது அதன் அடிப்படை. பச்சைக் காய்ப்புழுவுக்கு இது அருமையான விதி: பத்து சதவீதச் சேதம் வரை பொறுக்கலாம், குளவியும் பறவையும் தங்கள் பங்கைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளை ஈக்கு இது பொருந்தாது. நச்சுயிரி சுமந்த சில ஈக்களே போதும், எண்ணி முடிப்பதற்குள் தொற்று பரவிவிடும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சிக்கல் கூடுதல். மரவள்ளி பத்து மாதம் நிலத்தில் நிற்கிறது, பருத்தியும் இருக்கிறது. இரண்டிலும் வெள்ளை ஈ தங்கும். எழுபது நாள் பயிரான உளுந்து முளைக்கும்போதே ஈ பக்கத்துக் காட்டில் தயாராக இருக்கிறது.

ஆகவே வெள்ளை ஈயோடு மோத வேண்டியது விதைப்பிலும் முதல் 25 நாளிலும்தான். வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8 போன்ற எதிர்ப்பு ரகம், கிலோ விதைக்கு 5 மில்லி இமிடாகுளோப்ரிட் 600 எஃப்.எஸ். நேர்த்தி, வரப்போரம் இரண்டு வரிசைச் சோளம், மஞ்சள் செடியைக் கண்டதும் பிடுங்குவது: இவ்வளவுதான். எதிர்ப்பு ரகம் என்றைக்கும் தாங்குமா என்று கேட்டால், தாங்காது, நச்சுயிரியும் மாறும். அதனால்தான் ரகத்தை மட்டும் நம்பக் கூடாது. பிடுங்க ஆள் கூலிக்கு எங்கே போவது என்பார்கள். இருபதாம் நாள் வாக்கில் களை எடுக்க எப்படியும் ஆள் இறங்குகிறது. அதே கை மஞ்சள் செடியையும் பிடுங்கலாம். பக்கத்துக் காட்டுக்காரர் பிடுங்காவிட்டால்? இந்தக் கேள்விக்குத் தனி ஆளிடம் பதில் இல்லை. ஊரே ஒரே வாரத்தில் விதைப்பதும் பிடுங்குவதும் வேண்டும். அரசின் பயறுத் திட்டங்கள் பூச்சிப் பொறிகளைக் கொடுப்பதில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை.

மருந்தே வேண்டாம் என்பதல்ல வாதம். புள்ளிக் காய்ப்புழு பூவையும் பிஞ்சையும் நூலால் பின்னி உள்ளே ஒளிந்துகொள்ளும். பின்னிய பிறகு மருந்து அதன்மேல் படாது. பூக்கும் நாளில் பூங்கொத்தைப் பிரித்துப் பார்த்து, புழு இருந்தால் அடிக்கும் ஒரு தெளிப்புக்குப் பலன் உண்டு. இருபதாம் நாளில் மஞ்சளைப் பார்த்துப் பதறி அடிக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து வேறு கதை. அது ஈயைத் தின்னும் நன்மைப் பூச்சிகளையே முதலில் அழிக்கும். 1980களின் நடுவில் ஆந்திரப் பருத்திக் காடுகளில் வெள்ளை ஈ கட்டுமீறிப் பெருகியதற்கு இந்த வகை மருந்துகளைக் கண்மூடித் தெளித்ததும் ஒரு காரணம்.