பொறை தாங்கும் நாடு: ‘நாடு’ அதிகார உரைமரபும் திருப்பூருக்கு வந்தோரும்

ஆய்வுச் சுருக்கம்

குடிபெயர்வதற்குப் பாதுகாப்பான, அமைதியான நாடு எது என்னும் வினாவுக்கு இன்று பட்டியல்களும் குறியீட்டு எண்களும் விடை தருகின்றன. அவை ஒரு நாட்டிடம் இருப்பனவற்றை அளக்கின்றன. வந்தவரை அந்நாடு எவ்வாறு ஏற்கிறது என்பதைப் பெரும்பாலும் அளப்பதில்லை. திருக்குறள் 733ஆம் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை, வந்தவரைத் தாங்குதலையே நாட்டின் இலக்கணமாகக் கொள்கிறது. அவ்வுரையை அளவுகோலாகக் கொண்டு, திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தையும் அதனைப் பற்றிய புதினங்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: திருக்குறள், நாடு, பரிமேலழகர், அடைக்கலம், இடம்பெயர்வு, திருப்பூர், மணல் கடிகை, சாயத்திரை

முன்னுரை

பிறந்த மண்ணை விட்டு நீங்க நேர்பவர் அடுத்து எங்கே செல்வது என்று தேர்கின்றார். அத்தேர்வு வசதி படைத்தோர்க்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவிலோ பீகாரிலோ ஒரு சிற்றூரிலிருந்து திருப்பூருக்குத் தொடர்வண்டி ஏறும் இளைஞரும் ஒரு தேர்வைச் செய்தே வருகின்றார். கூலி எவ்வளவு, தங்க இடம் உண்டா, சண்டை சச்சரவு இன்றி வாழ முடியுமா என்பனவற்றை முன்னர் வந்த உறவினரிடம் கேட்டறிந்த பின்னரே அவர் புறப்படுகின்றார். எனவே, பாதுகாப்பான இடம் எது என்னும் வினா உலகப் பயணிக்கும் தையல் தொழிலாளிக்கும் பொதுவானது. இவ்வினாவைத் தமிழ் இலக்கிய மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பதும், அம்மரபின் அளவுகோல் இன்றைய திருப்பூரில் என்ன காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

அமைதியை அளக்கும் எண்கள்

நாடுகளின் அமைதியை அளக்கும் முயற்சிகளுள் பெரிதும் அறியப்பட்டது உலக அமைதிக் குறியீடு. பொருளியல் மற்றும் அமைதி நிறுவனம் 2007 முதல் இதனை வெளியிட்டு வருகிறது. சமூகப் பாதுகாப்பு, நடப்பிலுள்ள மோதல்கள், படைமயமாக்கம் என்னும் மூன்று பிரிவுகளில் 23 சுட்டிகளைக் கொண்டு 163 நாடுகளை இது வரிசைப்படுத்துகிறது. 2008 முதல் ஐசுலாந்து முதலிடத்தில் உள்ளது.

இக்குறியீட்டின் அகதிகள் பற்றிய சுட்டி ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு நாட்டிலிருந்து வெளியேறிய அகதிகளையும் அந்நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோரையும் அது மக்கள்தொகையின் விழுக்காடாகக் கணக்கிடுகிறது. மக்களை வெளியேற்றிய நாடு இதனால் மதிப்பில் தாழ்கிறது; அது முறையே. ஆயின், வெளியேறியவரை ஏற்றுக்கொண்ட நாட்டின் செயல் அச்சுட்டியில் இடம்பெறுவதில்லை. புறப்பட்ட இடத்தைப் பற்றிய செய்தி கணக்கில் உண்டு. சென்று சேர்ந்த இடத்தில் நிகழ்வது பற்றிய செய்தி இல்லை. குடிபெயர எண்ணுபவர்க்கு இன்றியமையாததோ பின்னதேயாகும்.

‘நாடு’ அதிகாரமும் பரிமேலழகர் உரையும்

பொருட்பாலில் அமைச்சின் இயல்புகளைக் கூறிய பின்னர், அரணுக்கு முன்னர், வள்ளுவர் ‘நாடு’ என்னும் 74ஆம் அதிகாரத்தை வைக்கின்றார். அதன் பத்துக் குறள்களுள் 732, 733, 734 ஆகிய மூன்றும் தம்முள் தொடர்புடையன.

732ஆம் குறள், பெரும் பொருளால் விரும்பத்தக்கதாய் இருப்பதே நாடு என்கிறது. யாரால் விரும்பத்தக்கது என்பதைக் குறள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பரிமேலழகர், பிற தேயத்தாராலும் விரும்பப்படுவது என்று விரிக்கின்றார். 733ஆம் குறள், பொறையெல்லாம் ஒருங்கே வரினும் தாங்கி, அரசனுக்குரிய இறையையும் குறைவின்றித் தருவது நாடு என்கிறது. ‘பொறை’ என்னும் சொல்லுக்குப் பாரம் எனப் பொருள் கொள்ளும் பரிமேலழகர், மக்கள் தொகுதியும் ஆன், எருமை முதலிய விலங்குத் தொகுதியுமே அப்பாரம் என்கின்றார். அவர்கள் வருவதற்கு மூன்று காரணங்களையும் தருகின்றார்: தம் தேயத்தில் பகைவர் வந்து தங்குதல், அரசு முறை தவறுதல், உணவில்லாமற் போதல். அவ்வாறு வந்தவர்கள் தத்தம் தேயத்தில் இருந்தாற்போலவே இனிதாக வாழுமாறு செய்வதுதான் தாங்குதல் என்பது அவர் கொள்ளும் பொருள். பிற்காலத்தில் மு. வரதராசனாரின் தெளிவுரையும் பிறநாட்டு மக்களின் குடியேற்றத்தையே இச்சுமையாகக் குறிப்பிடுகிறது.

அடுத்துவரும் 734ஆம் குறள் மிக்க பசி, நீங்காப் பிணி, அழிக்கும் பகை ஆகியவை சேராமையை நாட்டின் இலக்கணமாக்குகிறது. அதிகாரத்தின் இறுதிக் குறளான 740, எல்லாம் அமைந்தும் வேந்தனோடு பொருந்துதல் இல்லையேல் பயனில்லை என்கிறது. பரிமேலழகர் கூறும் மூன்று காரணங்களையும் இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு செய்தி புலனாகும். பகையும் பசியும் 734இல் விலக்கப்பட்டவை; முறை தவறிய அரசு 740இன் எதிர்நிலை. ஆகவே, 733இன் வழியே வருபவர், தம் மண் ‘நாடு’ என்னும் தகுதியை இழந்தமையால் வருபவர் ஆகின்றார். ஒரு நிலம் நாடாக இருத்தலை இழக்கும்போது, மற்றொரு நிலம் அம்மக்களைத் தாங்கித் தன்னை நாடு என்று மெய்ப்பிக்கிறது. பாதுகாப்பு என்பது ஒரு நிலத்தில் முன்னரே கிடக்கும் பொருளன்று; வந்தவர்க்குச் செய்யப்படும் செயல் என்பதே இவ்வுரையின் சாரம் எனலாம்.

இவ்வுரை தனித்து நிற்பதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, பல மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் காவிரிப்பூம்பட்டினத்தில் ஒருவரோடொருவர் கலந்து இனிதாக உறைந்ததைப் பாடுகிறது. ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் இன்றைய வழக்குக்கு அத்தொடர் முன்னோடி. பட்டினப்பாலையும் பரிமேலழகர் உரையும் இனிமையையே அளவாகக் கொள்கின்றன. உயிர் பிழைத்திருத்தல் மட்டும் போதும் என்று இரண்டுமே கருதவில்லை.

அடைக்கலமும் அரசும்

பாதுகாப்பான ஊரைத் தேர்ந்து குடிபெயர்ந்தோரின் கதையாகவும் சிலப்பதிகாரத்தைப் படிக்க இடமுண்டு. பொருளிழந்த கோவலன், சிலம்பை முதலாகக் கொண்டு வாழ்வைத் திருத்திக்கொள்ள ஏற்ற நகரமாக மதுரையைத் தேர்கின்றான். வளத்தாலும் முறை செய்யும் அரசு என்னும் புகழாலும் அத்தேர்வில் பிழை காண்பதற்கில்லை. அங்கே அவர்களை ஏற்றுக்கொள்பவள் ஆயர்குலப் பெண்ணான மாதரி. கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். இருவருக்கும் தனி மனையும் சமைப்பதற்கு வேண்டுவனவும் தந்து மாதரி தன் கடமையைச் செய்கின்றாள். அரசனோ வந்தவனை விசாரியாமல் கொல்லச் செய்கின்றான். அடைக்கலமாக வந்தவரைக் காக்க இயலாமற் போன மாதரி தீப்புகுந்தாள் என்று காப்பியம் பின்னர் தெரிவிக்கிறது.

733ஆம் குறளில் தாங்குதல் என்னும் வினைக்கு எழுவாய் நாடு, வேந்தன் அல்லன். தாங்குவோர் குடிமக்களே. ஆனால் 740 இன்றி 733 நிலைபெறாது என்பதற்கு மாதரியின் முடிவு சான்றாகிறது. மக்களின் ஈரம் எவ்வளவு பெரிதாயினும், வந்தவனைக் குற்றவாளி என்று எளிதில் நம்பும் அதிகாரம் அதனை ஒரு நாளில் அழித்துவிடும்.

திருப்பூர்: விரும்பப்படுதலும் தாங்குதலும்

நொய்யல் கரையிலுள்ள திருப்பூர் 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. அதன் பின்னலாடை ஏற்றுமதி அண்மை ஆண்டுகளில் 30,000 கோடி ரூபாயைக் கடந்துள்ளது. ஊரக உழவர் குடிகளிலிருந்து தொழிலாளிகளாக வந்து முதலாளிகளாக உயர்ந்தோரின் வரலாற்றைச் சாரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்துள்ளார். அதே ஆண்டில் வெளியான எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ ஐந்து நண்பர்களின் வாழ்வின் வழியே பனியன் தொழில் ஊரை மாற்றிய கதையைச் சொல்கிறது. பெட்டக்கதாக, அதாவது விரும்பத்தக்கதாக, இருத்தல் என்னும் 732இன் இலக்கணம் இவ்வூருக்குப் பொருந்துவது வெளிப்படை. தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரைத் தொடர்ந்து, வடமாநிலங்களிலிருந்தும் பெருந்தொகையினர் வந்து கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் எனப் பல பிரிவுகளில் பணிபுரிகின்றனர்.

தாங்குதல் என்னும் அளவில்தான் சிக்கல் எழுகிறது. பரிமேலழகர் மக்களோடு ஆன்நிரையையும் சேர்த்தே பாரம் என்றமை கருதத்தக்கது. மனிதரை விலங்கோடு ஒப்ப வைக்கும் கூற்றாக இது முதற்பார்வையில் தோன்றலாம். ஆனால் ஆவும் எருமையும் அக்குடிகளின் வாழ்வாதாரம். குடும்பமும் பிழைப்பும் ஒன்றாகப் பெயர்ந்து வருவதையே உரையாசிரியர் எண்ணுகின்றார். திருப்பூருக்கு வருபவரோ பெரும்பாலும் தனியராக வருகின்றார். நிறுவன விடுதியிலோ பலர் சேர்ந்து தங்கும் லைன் வீட்டிலோ அவருக்கு இடம் கிடைக்கிறது. மனைவி மக்களோடு வந்தால், வாடகை வீடு, குழந்தையின் பள்ளி, அப்பள்ளியின் மொழி என ஒவ்வொன்றும் தடையாகிறது. மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர்க்கான சட்டம் 1979இல் இயற்றப்பட்டது. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை தாங்குதலின் தொடக்கங்கள். தம் தேயத்தில் இருந்தாற்போல வாழ்தல் என்னும் அளவு இவற்றுக்கு அப்பால் உள்ளது.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை போலியானவை என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசும் அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி நிலைமையை அறிந்தது. ஆயினும் அச்சம் பரவியது. நிகழாத தாக்குதலுக்கு அஞ்சும் நிலை ஏன் ஏற்பட்டது என்பதே இங்கு வினா. பல ஆண்டுகள் உழைத்த ஊரைப் பற்றி ஒரு காணொளி சொல்வதை நம்ப நேர்ந்தது என்றால், அவ்வூரின் அண்டை வீட்டாரோடு பேசித் தெளியும் அளவுக்கு உறவு வளரவில்லை என்று கொள்ளலாம். குற்றங்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் அந்நாள்களில் திருப்பூர் அமைதியாகவே தோன்றும். 733ஆம் குறளின் அளவு மற்றொன்றைக் காட்டுகிறது.

புதினம் காட்டும் பிணி

738ஆம் குறள் நாட்டுக்கு ஐந்து அணிகளைக் கூறுகிறது. பிணியின்மை அவற்றுள் முதலாவது. காவலைக் குறிக்கும் ஏமம் இறுதியானது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) சாயக்கழிவால் நொய்யலும் அதனைச் சார்ந்த வாழ்வும் நஞ்சானதை மையமாகக் கொண்ட புதினம். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இப்புதினம் அச்சிக்கலை இலக்கியப் பொருளாக்கியது. வேலை கிடைக்கும், பகையும் இல்லை என்று தேர்ந்தெடுக்கப்படும் ஊரில் குடிநீர் எவ்வாறு உள்ளது என்பதைப் புறப்படும் இடத்தில் எவரும் சொல்வதில்லை. செல்வமும் ஏமமும் இருந்தும் பிணியின்மை இல்லாத நிலத்தை வள்ளுவர் குறையுடையதாகவே கருதுவார் என்பதில் ஐயமில்லை.

‘மணல் கடிகை’, ‘சாயத்திரை’ ஆகிய இரண்டும் ஊரை உள்ளிருந்து காண்பவை. அது அவற்றின் வலிமை. வந்தவரின் கண்ணால் காண்பதற்குத் தன்வரலாற்று எழுத்து துணைசெய்கிறது. தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ (2007) தமிழக முகாம்களில் ஈழ அகதியாக வாழ்ந்த பட்டறிவைக் கூறும் நூல். மொழி ஒன்றாயினும் வந்தவர் வந்தவராகவே நிறுத்தப்படும் நிலையை அது பதிவுசெய்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 1983 முதல் வந்த ஈழத்தமிழர்க்கு 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இடமளிக்கவில்லை. 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. நாற்பதாண்டுகளில் முகாமிலேயே பிறந்து வளர்ந்து பெற்றோரானவர்களுள்ளும் பெரும்பாலோர் குடிகளாகவில்லை. உயிர்க்காவல் கிடைத்தும் நாடு கிடைக்காத நிலை இது. மாதரியின் இல்லம் திறந்திருக்க, அரண்மனை வாயில் அடைத்திருப்பதை இங்கும் காண்கிறோம்.

மறுப்பும் விடையும்

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த உரையைக் கொண்டு இன்றைய தொழில்நகரை அளக்கலாமா என்னும் மறுப்பு எழலாம். மன்னராட்சியின் குடிவரவும் கூலியுழைப்பின் இடப்பெயர்வும் வேறுவேறு என்பது உண்மையே. 733ஆம் குறள் தாங்குவோரின் இடத்திலிருந்து பேசுகிறது. வந்தவரின் குரல் அதில் இல்லை என்பதும் ஏற்கத்தக்கது. ஆனால் வேறுபாட்டை எண்ணிப் பார்க்கும்போது அளவுகோல் தளர்வதற்கு மாறாக இறுகுகிறது. குறளில் நாடு வந்தவரின் பாரத்தையும் தாங்கி இறையும் செலுத்துகிறது. அதாவது, தாங்குதல் நாட்டுக்குச் செலவு. திருப்பூரில் வந்தவரின் கைகளே ஏற்றுமதியை ஈட்டுகின்றன. அவ்வருவாயிலிருந்தே வரியும் செல்கிறது. இங்கே பாரம் எனப்படுபவரே இறையைத் தருகின்றார். செலவாக இருந்தபோதே தாங்குதலைக் கடமை என்ற மரபு, வரவாக இருப்பவரை அரைகுறையாக ஏற்பதை ஒப்பாது.

முடிவுரை

பாதுகாப்பான நாட்டைத் தேர்பவர் வழக்கமாக வளத்தையும் அமைதியையும் வினவுகின்றார். ‘நாடு’ அதிகாரமும் பரிமேலழகர் உரையும் மற்றொரு வினாவை முன்வைக்கின்றன: அங்கே முன்னர் வந்தவர் எவ்வாறு வாழ்கின்றார்? இவ்வினா தேர்பவருக்குப் பயன்படுவதோடு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரையும் விடை சொல்ல அழைக்கிறது. திருப்பூர் 732இன் தேர்வில் வென்ற ஊர்; 733இன் தேர்வை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஊர்.

தமிழாய்வுக்கு இதில் ஒரு கடமை உண்டு. ‘நாடு’ அதிகாரத்தை நாட்டுப்பற்றின் சான்றாகவே பெரிதும் எடுத்தாண்டு வருகிறோம். அதனைப் புகலிடம் பற்றிய நூற்பகுதியாகவும் கற்பிக்க வேண்டும். ஒடியாவிலும் போச்புரியிலும் பேசப்படும் திருப்பூர் வாழ்வனுபவங்களை வாய்மொழி வரலாறாகத் தொகுத்துத் தமிழில் பெயர்க்கும் பணியைக் கொங்கு வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். வந்தவரின் சொல்லைக் கேட்பதும் தாங்குதலின் ஒரு பகுதியே.