கலையமைச்சும் கல்விக்கூடமும்

புலவரைப் புரந்த வேந்தர் எந்நாட்டிலும் இருந்தனர். ஆயின், குடியரசொன்று தனியமைச்சு நிறுவிக் கலையைக் குடிமக்கள் யாவர்க்கும் உரியதாக்க முயல்வது வேறு செயலாகும். வேந்தன் கலைஞனைப் பேணினாற் போதும். அமைச்சோ சுவைஞரையும் உண்டாக்கல் வேண்டும். இவ்விரண்டாம் பணி எத்துணை அரிதென்பதைப் பிரான்சிய வரலாறு காட்டும்.

1959 ஆம் ஆண்டிலே துகோல் ஆட்சியில் எழுந்த பண்பாட்டலுவல்கள் அமைச்சுக்கு நாவலாசிரியர் அந்திரே மால்ரோ தலைமை பூண்டார். மானிடத்தின் தலைசிறந்த ஆக்கங்களை இயன்றவரை மிகுதியான மக்கள் பெறச் செய்தலே அதன் முதற்கடனென அவ்வாண்டு யூலை 24 ஆம் நாட் கட்டளை வகுத்தது. கலைத்துறைகள் கல்வியமைச்சினின்றும் பிரிக்கப்பட்டன. இலக்கியத்தை அறியச் செய்வது கல்விக்கூடம், நேசிக்கச் செய்வது கலையரங்கு என்பது மால்ரோவின் கோட்பாடு. அதன்வழி 1961 இல் லெ ஆவரிலும் 1968 இல் கிரெனோபிளிலும் வேறு சில நகரங்களிலும் பண்பாட்டில்லங்கள் திறக்கப்பட்டன.

இக்கோட்பாடு அழகியது, எனினும் முழுதும் உண்மையன்று. அரும்பொருட்காட்சிச்சாலைக்குச் செல்வோரை ஆராய்ந்து பியர் பூர்தியூவும் அலன் தார்பெலும் 1966 இல் வெளியிட்ட நூல், கலையார்வம் பெற்ற கல்வியின் அளவையே பெரிதும் ஒட்டி நிற்பதை நிறுவிற்று. வாயில் திறந்திருந்தது, நுழையும் பழக்கமோ பலருக்கு இல்லை. 1968 மே மாதத்தில் வில்லூர்பானிற் கூடிய அரங்க நெறியாளரும் பண்பாட்டில்லத் தலைவரும் தம்மை நாடாத பெருந்தொகை மக்களைப் பற்றித் தாமே அறிக்கை விடுத்தனர். கல்வியினின்றும் கலையைப் பிரித்ததன் விளைவு இதுவெனல் மிகையாகாது.

அவ்வமைச்சு வெற்றி கண்ட இடங்களும் உள. 1962 ஆம் ஆண்டுச் சட்டம் பாரிசின் மறே போன்ற பழம்பகுதிகளை இடிபடாது காத்தது. திரைப்படத்துறையில், 1948 முதல் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலும் அறவிடப்பட்ட வரி, பிறநாட்டுப் படங்களின் வருவாயிலிருந்தும் உள்நாட்டுப் படத்துக்குப் பொருள் ஈட்டித் தந்தது. இம்முறையை 1959 இல் ஏற்ற அமைச்சு, திரைக்கதையின் தரங்கண்டு முற்பணம் வழங்கும் முறையையும் அதனோடு சேர்த்தது. ஜாக் லாங் அமைச்சராயிருந்தபோது 1981 இல் நிறைவேறிய சட்டம், நூலின் விலையைப் பதிப்பாளரே குறிக்கவும் விற்போர் நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேற் கழிவு கொடாதிருக்கவும் விதித்தது. பெருவணிகரின் விலைக்குறைப்புக்கு முன்னே சிறு புத்தகசாலைகள் நிலைக்க இது துணையாயிற்று.

இவற்றை ஒப்புநோக்கின் ஓருண்மை புலப்படும். காப்பதற்கும் வணிகத்தை நெறிப்படுத்துதற்கும் சட்டமும் பணமும் வல்லன; சுவையுணர்வை ஊட்டுதற்கு அவை வல்லனவல்ல. அவ்வுணர்வு பாட்டைப் பிழையற ஓதப் பழக்கும் ஆசிரியன்முன், ஓவியத்தின்முன் நின்று நோக்கக் கற்ற சிறுவனிடத்தே முளைப்பது. மண்டபம் எழுப்புமுன் வகுப்பறையை நினையாத கலையமைச்சு, வந்தோரையே மீண்டும் வரவேற்கும். வாராதோர் வாராதோராகவே இருப்பர்.