காலயந்திரம் இறங்கும் களம்: மூன்று மரபுகளும் நான்கு அளவுகோல்களும்

நம் தொழிற்பேட்டைச் சாலைகளுக்கு இருபுறமும் பழைய போர்க்களங்கள் இருக்கின்றன. ஒரகடத்துக்குக் கிழக்கே, படப்பையை அடுத்து மணிமங்கலம். முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது. மேற்கே, காஞ்சிக்கு வடக்கே புள்ளலூர். அங்கே 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை அடியோடு தோற்கடித்தார்கள். ஆங்கிலேயர் எழுப்பிய நினைவுத் தூண்கள் இன்றும் அந்த ஊரில் நிற்கின்றன. இந்த மண்ணில் ஷிப்ட் முடித்துவிட்டு எழுத உட்காரும் இளைஞர்களுக்கு, மெய்யான போரைக் காலப்பயணக் கதையாக்கும் கலையின் மரபுகளை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது சாட்சி மரபு. இதில் பயணி பார்க்கப் போகிறான்; மாற்றப் போவதில்லை. கோனி வில்லிஸ் இதன் தலைமகள். அவருடைய 'ஃபயர் வாட்ச்' (1982) கதையில், எதிர்கால ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் ஒருவன் 1940இன் லண்டனுக்குப் போய், செயின்ட் பால் தேவாலயக் கூரையில் விழும் தீக்குண்டுகளை அணைக்கிறான். 'பிளாக்அவுட்' (2010) நாவலில் இன்னொருவன் டன்கர்க் கடற்கரையில் எதிர்பாராமல் மாட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு சிப்பாயின் உயிரைக் காக்கும் அவன், போரின் முடிவையே கெடுத்துவிட்டோமோ என்று நடுங்குகிறான். பார்க்க வந்தவனும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பதே இம்மரபு தரும் பாடம்.

இரண்டாவது ஆயுத மரபு. பிற்காலத்துப் படைக்கலம் முற்காலத்துப் போரில் இறங்குகிறது. ஹன்முரா ரியோவின் ஜப்பானிய நாவலில் (1971) இன்றைய தற்காப்புப் படையினர் 16ஆம் நூற்றாண்டுச் சண்டைகளுக்குள் போய் விழுகிறார்கள். ஹாரி டர்டில்டவின் 'தி கன்ஸ் ஆஃப் தி சவுத்' (1992) அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்படையின் கையில் ஏகே-47 துப்பாக்கியைக் கொடுக்கிறது. பரபரப்புக்குக் குறைவில்லாத மரபு இது. ஆனால் படைக்கலம் வந்ததுமே வெற்றி உறுதி என்றாகிவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். துப்பாக்கியைக் கொடுத்தவரின் நோக்கம் என்ன, வாங்கியவர் அதற்குத் தரப்போகும் விலை என்ன என்று தொடர்ந்து கேட்பதால்தான் டர்டில்டவ் நிற்கிறார்.

மூன்றாவது திருப்புமுனை மரபு. வார்டு மூரின் 'பிரிங் தி ஜூபிலி' (1953) நாவலில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு வென்றுவிட்ட உலகில் வாழும் வரலாற்றாய்வாளன் கெட்டிஸ்பர்க் போரைக் காணப் போகிறான். அவன் அங்கே நின்றதாலேயே போர் திசைமாறி, வடக்கு வெல்கிறது. நம் நாட்டில் இம்மரபை மேலெடுத்துச் சென்றவர் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர். அவர் மராத்தியில் எழுதிய பானிபட் கதை 'தி அட்வென்ச்சர்' என்ற பெயரில் 11ஆம் வகுப்புப் பாடநூல் வழியாக நாடெங்கும் சென்றது. 1761இல் பானிபட் போரில் பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ் ராவைக் கொன்ற குண்டு, கதையின் உலகில் எள்ளளவு தள்ளிப் போகிறது, மராட்டியர் வெல்கிறார்கள். அந்த உலகத்து நூலின் பக்கம் ஒன்று, அங்கே போய்த் திரும்பும் கதைநாயகன் பேராசிரியர் கெய்தொண்டேயின் சட்டைப்பையில் மிஞ்சுகிறது. கண்டிப்பாகச் சொன்னால் இது பக்கத்து உலகுக்குப் போகும் பயணம். காலத்தில் பின்னோக்கிப் போவதல்ல. ஆனாலும் ஒரு போரின் முடிவு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்று காட்டியதில் இதற்கு நிகரான இந்தியக் கதை அரிது.

இம்மூன்று மரபுகளின் நல்ல படைப்புகளிலிருந்து நான்கு அளவுகோல்களை எடுக்கலாம். களத்தின் நிலமும் வானிலையும் நேரமும் மெய்யாக இருக்கவேண்டும். மாற்றும் காரணம் சிறியதாக, ஆனால் போதுமானதாக இருக்கவேண்டும். விளைவைக் கடைசிவரை கணக்கிடவேண்டும். தோற்றவரையும், எந்தப் படையிலும் சேராத ஊராரையும் மறக்கக்கூடாது.

புள்ளலூரை இந்த அளவுகோல்களில் வைத்துப் பாருங்கள். குண்டூர்ப் பக்கமிருந்து வந்த பெய்லி, காஞ்சியில் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேரவேண்டியிருந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. கடக்காமல் வடகரையில் முகாமிட்டார். இரவோடு இரவாக வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் அக்கரை போகமுடியவில்லை. அதற்குள் திப்பு நெருங்கிவிட்டார். பேரம்பாக்கத்தில் ஒரு மோதல், பிறகு புள்ளலூர். மைசூர்ப் படையின் குண்டு பட்டு வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் பெய்லியின் அணி குலைந்தது. காஞ்சியிலிருந்த மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. பிறகு பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

நார்லிகருக்கு ஒரு குண்டு கிடைத்ததுபோல நமக்கு ஓர் ஆற்று வெள்ளம் கிடைத்திருக்கிறது. பெய்லி அன்று மாலையே ஆற்றைக் கடந்திருந்தால்? திருப்புமுனை மரபுக்கு இதைவிட நல்ல முடிச்சு வேண்டாம். ஆயுத மரபுக்காரருக்கோ மைசூர் ராக்கெட் இருக்கிறது. நாசாவின் வாலப்ஸ் தீவில் அதன் ஓவியத்தைக் கண்டு அப்துல் கலாம் நெகிழ்ந்ததை 'அக்னிச் சிறகுகள்' படித்தவர் அறிவர். ஆனால் கடினமானதும் தேவையானதும் நான்காவது அளவுகோல்தான். பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஐதரின் குதிரைப்படை அந்த ஆண்டு சென்னையைச் சுற்றிய ஊர்களைக் கொளுத்தியது. பின்னாலேயே பஞ்சமும் வந்தது. வென்றவர் நம்மவர் என்ற பெருமிதம் இந்த எரிந்த ஊர்களை மறைத்துவிடக்கூடாது.

மணிமங்கலத்தை எழுதுவது இன்னும் கடினம். செப்பேட்டில் கிடைப்பது ஊர்ப்பெயரும் வெற்றியும் மட்டுமே. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அக்காலத்துக்கு உயிர் கொடுத்தது. ஆனால் அறிவியல் புனைகதைக்காரர் கல்கியின் காட்சிகளையே வரலாறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சான்று குறைந்த இடத்தில் சாட்சி மரபே பொருத்தம். பயணி பார்ப்பதில் எது சான்றுள்ளது, எது கற்பனை என்பதைக் கதையே பிரித்துக் காட்டவேண்டும்.

இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொல்ல நம் பொறியாளர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொசஸ்தலையில் எப்போது வெள்ளம் வரும், காஞ்சியிலிருந்து புள்ளலூருக்கு ஒரு படை நடக்க எவ்வளவு நேரம் ஆகும், அந்தச் செப்டம்பரில் எந்த ஊரில் யார் பட்டினி கிடந்தார்கள் என்பதைத் தேடிப்போகும் உழைப்பைத்தான் இம்மரபு கேட்கிறது. அந்த உழைப்போடு வரும் கதை இந்த மலரின் அடுத்த இதழிலேயே வரட்டும்.