துயிலாத பாசறை

புறப்பாடல் என்றதும் நம் மேடைகள் வீரத்தையே முழங்குகின்றன. மார்பில் ஏற்ற புண்ணைப் பாராட்டும் நாம், போர் முடிந்த இரவில் வீரன் உறங்கினானா என்று கேட்பதில்லை. இலக்கியம் அதைக் கேட்டிருக்கின்றது.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதில், பாசறையில் அரசன் கண் துஞ்சாது கிடக்கின்றான். மறுநாட் போரின்மேல் கொண்ட வேட்கையே துயிலின்மைக்குக் காரணம் என்கின்றார் புலவர். ஆனால் அவன் நெஞ்சில் தொடர்ந்து எழும் காட்சிகளில் வேட்கையைக் காணோம். புண்பட்ட வேதனையில் தன் பிடிகளை மறந்துவிட்ட களிறு. அறுபட்டு வீழ்ந்து பாம்பெனத் துடிக்கும் துதிக்கை. உண்ட சோற்றுக்குக் கடன் கழித்து மாண்ட மறவர். தோற்கவசத்தைத் துளைத்து அம்பு பாய, செவி சாய்த்து இரை கொள்ளாது வருந்தும் குதிரை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையைத் தலையில் வைத்து, நெடுநேரம் இவற்றையே எண்ணுகின்றான். புலவர் சொல்லும் காரணம் ஒன்று. காட்டும் உள்ளம் வேறொன்று. இந்த முரணே பாட்டின் உயிர் என்பது நம் கருத்து.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. உறவை மறத்தல், உணவை வெறுத்தல் ஆகிய மனச்சிதைவின் குறிகள் விலங்குகளுக்கே தரப்பட்டுள்ளன. மாண்ட மறவர்க்குக் கடமை என்னும் ஒரு சொல்லோடு சரி. யானைக் கூட்டங்கள் இறங்கிவரும் ஆனைகட்டி மலையடிவாரத்தில் வாழும் நமக்கு, தன் இனத்தை மறந்த களிறு எத்துணைப் பெரிய துயரம் என்று விளக்க வேண்டியதில்லை. மனிதனைப் பற்றிச் சொல்லத் தயங்கியதைப் புலவர் யானையின்மேல் ஏற்றிச் சொன்னார் போலும்.

நக்கீரரின் நெடுநல்வாடையிலும் அரசன் நள்ளிரவில் பள்ளி கொள்ளவில்லை. வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய, மழைத் துளிக்கு நடுவே, சிலரோடு நடந்து புண்பட்ட வீரரைக் காண்கின்றான். வேப்பந்தார் சூட்டிய வேலினன் ஒருவன் அவர்களை ஒவ்வொருவராகக் காட்டிச் செல்கின்றான். இதனை அரசனின் அருளுக்குச் சான்றாக மட்டும் காட்டுவோர் பலர். காட்டப்படுவது புண், அப் புண்பட்டவன் என்ன நினைத்தான் என்று பாட்டு வாய் திறக்கவில்லை. துயிலின்மை அரசர்க்கு மட்டும் உரிய பெருமையோ!

உலகமும் இதில் காலம் தாழ்த்தியே விழித்தது. முதல் உலகப்போரில் நடுங்கிய சிப்பாய்களின் நோய்க்கு 1915இல் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ ஏட்டில் எழுதினார். 1980இல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர் தம் நோய்ப் பட்டியலில், பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநோய்க்கு இடமளித்தனர்.

தமிழில் போர்க்களத்து மனிதனின் உள்ளத்துக்குள் நேரே புகுந்தவர் ப. சிங்காரம். போர்க்காலத்தில் இந்தோனேசியாவில் வாழ்ந்தவர். 1972இல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி', ஜப்பானியர் புகுந்த மெடான் நகரில், வெட்டுண்ட தலைகள் காட்சிக்கு வைக்கப்படுவதைக் காட்டித் தொடங்குகின்றது. நாயகன் பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கின்றான், கொல்லவும் செய்கின்றான். கொன்றபின் அவன் அழவில்லை, அலறவில்லை. மாறாக, அவன் மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கின்றது. மதுரைத் தெருக்களுக்கும் பிறந்த ஊருக்கும் ஓடுகின்றது. மூவேந்தர் பெருமையைக் கேலி செய்கின்றது. மீண்டும் மதுக் கிண்ணத்துக்குத் திரும்புகின்றது. இந்த நகைச்சுவையை ஆசிரியரின் குறும்பு என்று மட்டும் கொள்வது போதாது. அது காயத்தின் மேல் படிந்த பொருக்கு.

முல்லைப்பாட்டு அரசன் வென்றபின் இனிது துயில்கின்றான். வெற்றி அவனுக்கு மருந்தாகின்றது. பாண்டியனுக்கு அம் மருந்து இல்லை. 1945இல் படை கலைகின்றது. வணிக வாழ்வு அவனுக்கு ஒட்டவில்லை. மற்றொரு நாட்டின் விடுதலைப் போரில், இந்தோனேசியக் கெரில்லாக்களோடு சேர்கின்றான். ஊர் திரும்பாமலே மடிகின்றான்.