‘பாரோ’, ‘லெண்ட்’: தப்பு யாருடையது?

கேலாங் செராய் சந்தைப் பக்கம் போனால் ‘பாரோ மீ யுவர் பென்’ காதில் விழும். ‘ஸ்பீக் குட் இங்கிலிஷ்’ இயக்கம் தொடங்கியது 2000இல்; இன்னும் விழுகிறது. பயிற்சி நூல்கள் இதைக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டு நகர்கின்றன. அது சரியில்லைங்க. மலாய் ‘பின்ஜாம்’, மாண்டரின் ‘ஜியே’ இரண்டிலும் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் வேர் ஒன்றுதான். குழப்பம் அங்கிருந்து வருகிறது. தமிழில் இரவல் வாங்குவது வேறு, இரவல் கொடுப்பது வேறு. வாங்கினால் ‘பாரோ’, கொடுத்தால் ‘லெண்ட்’. அவ்வளவுதான்! ‘ஓபன் த லைட்’டும் இப்படியே. நாம் கதவைத்தான் திறப்போம், லைட்டைப் போடுவோம்.

நம்ம பிள்ளைகள் சறுக்குவது வேறு இடத்தில். எல்லாருக்கும் ஒரே பட்டியல் தரும் நூல் அதைக் காட்டாது. ‘சொல்’ என்ற ஒன்றே ‘சே’, ‘டெல்’ இரண்டுக்கும் போவதால் ‘ஹி செட் மீ’ என்று எழுதுகிறார்கள். ‘டோல்ட் மீ’ அல்லது ‘செட் டு மீ’ என்று எழுதணும். ‘பார்’ இன்னும் மோசம், மூன்று வேலை செய்கிறது. ஆசிரியர்களே, கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள்: டிவி பார்த்தேன், ‘வாட்ச்ட்’, பஸ்ஸில் மாமாவைப் பார்த்தேன், ‘சா’, கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தேன், ‘லுக்ட்’.