எலிக்கு ஓரவஞ்சனை

புறநானூறு 190-ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், கதிரைக் கொண்டுபோய் வளையில் சேர்க்கும் எலியைக் கஞ்சர்களுக்கு உவமையாக்கி, 'இவங்க சகவாசமே வேண்டாம்' என்கிறான். ஔவையாரின் தனிப்பாடலிலோ தூக்கணாங்குருவியின் கூட்டுக்கு ஏகப் பாராட்டு.

இரண்டுமே நல்ல பாட்டுதான். கணக்குதான் இடிக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பனைமரத்தில் கூடு தொங்கவிடும் அந்தக் குருவியும் நெல் தின்னும். குஞ்சுக்குப் பூச்சி பிடிப்பதால் வரவுப் பக்கம் கொஞ்சம் எழுதலாம். எலிக்கு வரவே கிடையாதா?

அறுப்பு முடிந்ததும் அதே வயலில் இருளர்கள் வளையை வெட்டி, உள்ளே இருக்கும் நெல்லை எடுப்பார்கள். அலசிக் காயவைத்தால் சோறு. எலி, கறிக்கு ஆச்சு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கு அது பதுக்கல் இல்லை சார், மகசூல்!

அரசன் நிலக்காரர் பக்கம் உட்கார்ந்து கணக்கெழுதிவிட்டான். வளை வெட்டுறவரைக் கேட்டிருந்தால் உவமையே மாறியிருக்கும்.